அட்ரியானோ விழுந்தது ஒரே நாளில் அல்ல

நீங்கள் கேட்டது இரண்டு கேள்விகள். பிரேசில் ஸ்ட்ரைக்கர் அட்ரியானோ உண்மையிலேயே அவ்வளவு பெரிய ஆட்டக்காரரா, இல்லை வீடியோ கேம் வளர்த்த பெயரா? அப்பா இறந்த அன்றே அவருடைய ஆட்டமும் முடிந்துவிட்டது என்று எல்லாரும் எழுதுகிறார்களே, அது சரியா?

முதல் கேள்விக்கு ஒரே வார்த்தை போதும்: ஆமாம். 2004 தொடக்கத்திலிருந்து 2005 நடுப்பகுதி வரையான ஒன்றரை வருடம், ஷெவ்சென்கோ, ஹென்றி போன்ற பெரிய ஸ்ட்ரைக்கர்களும் உச்சத்தில் இருந்த காலம் அது. அப்போதும், எந்த டிஃபெண்டரும் எதிரில் நிற்கப் பயந்த ஆள் என்றால் நான் அட்ரியானோவைத்தான் சொல்வேன். இரண்டாவது கேள்விக்குத்தான் கொஞ்சம் நேரம் வேண்டும். துக்கம் உண்மை. 'அன்றே முடிந்தது' என்பது உண்மை இல்லை. அந்தத் தவறான தேதியால், அவருக்கு நடந்த முக்கியமான விஷயம் நம் கண்ணிலிருந்து மறைந்துபோகிறது.

கேம் விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். நம் ஊரில் பலருக்கு அவர் அறிமுகமானதே ப்ரோ எவல்யூஷன் சாக்கர் 6 விளையாட்டில்தான். அதில் அவருடைய ஷாட் பவர் 99. நடுக்கோட்டைத் தாண்டி எங்கிருந்து அடித்தாலும் உள்ளே போகும், நண்பர்களுக்குள் அவர் ஆடிய இத்தாலிய அணியான 'இன்டர் எடுக்கக் கூடாது' என்று ஒப்பந்தம் போட்டுக்கொண்டு விளையாடியவர்கள் உண்டு. ஆனால் அந்த எண்ணைக் கேம் செய்தவர்கள் கற்பனையில் பிடித்து வரவில்லை.

2001 ஆகஸ்டில், 19 வயதுப் பையனாக இன்டர் மிலானுக்கு வந்து இறங்குகிறார். அவர் வளர்ந்த ரியோ கிளப்பான ஃப்ளமெங்கோ, வாம்பேத்தா என்ற நடுக்கள ஆட்டக்காரரை வாங்குவதற்காகச் செய்த பண்டமாற்றில் இவரை விட்டுக்கொடுத்திருந்தது. சான்டியாகோ பெர்னபேயுவில் ரியல் மாட்ரிட்டுக்கு எதிராக நட்பு ஆட்டம். கடைசிக் கட்டத்தில் மாற்று ஆளாக இறக்கிவிடுகிறார்கள். பெனால்டி பெட்டிக்கு வெளியே ஒரு ஃப்ரீ கிக். புதுப் பையன் பந்தை எடுத்து வைக்கிறான், அடிக்கிறான், வலையின் மேல்பகுதி அதிர்கிறது. மணிக்கு இத்தனை கிலோமீட்டர் என்று அந்த ஷாட்டுக்கு ஒரு வேகம் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். அந்தக் கணக்கில் எனக்கு நம்பிக்கை இல்லை, அது தேவையும் இல்லை. காணொளியைப் பாருங்கள், கோல்கீப்பர் கை தூக்குவதற்குள் பந்து உள்ளே.

இப்படி அடிக்கும் கால் எங்கிருந்து வந்தது? 1982 பிப்ரவரி 17இல் ரியோ டி ஜெனீரோவில் பிறந்தார். வளர்ந்தது வடக்கு ரியோவில் பென்யா பகுதியில் இருக்கும் விலா க்ருசேரோ என்ற ஃபவேலாவில். ஃபவேலா என்றால் மலைச்சரிவில் செங்கல் வீடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியதுபோல எழுந்த குடியிருப்பு. போதைப்பொருள் கும்பல்களுக்கும் போலீஸுக்கும் நடுவே மக்கள் அங்கே குடும்பம் நடத்துகிறார்கள். அட்ரியானோவுக்குப் பத்து வயது இருக்கும்போது, ஒரு கொண்டாட்டத்தில் எங்கிருந்தோ வந்த குண்டு அவருடைய அப்பா அல்மீரின் தலையில் பாய்ந்தது. உயிர் பிழைத்தார். குண்டை எடுக்க முடியவில்லை. அதன்பின் அவருக்கு அடிக்கடி வலிப்பு வந்தது. அந்த வயதில் அதை வீட்டுக்குள் நின்று பார்த்த பையன்தான் இவர். ஃப்ளமெங்கோ பயிற்சிக்குக் கையைப் பிடித்து அழைத்துப்போனவர் பாட்டி.

ஒரு சுவையான விஷயம்: ஃப்ளமெங்கோ இளையோர் அணியில் அவர் முதலில் ஆடியது லெஃப்ட் பேக்காக, அதாவது இடது பக்க டிஃபெண்டராக. பின்னால்தான் முன்னுக்கு நகர்த்தினார்கள். அவருடைய ஆட்டத்தில் அந்தப் பழக்கம் கடைசிவரை தெரியும். பெட்டிக்குள் காத்திருந்து தட்டிவிடும் ஆள் இல்லை அவர். இடது பக்கமாகக் கொஞ்சம் பின்னால் இறங்கி, பந்தை வாங்கி, முகத்தைக் கோல் பக்கம் திருப்பி, ஓடத் தொடங்குவார்.

அந்த ஆட்டத்தைக் கொஞ்சம் பிரித்துப் பார்த்தால்தான் பின்னால் வந்த சரிவும் புரியும். உயரம் 1.89 மீட்டர். அந்த உடம்புக்குப் பொருந்தாத மென்மை காலில். பந்தை இடது பாதத்தோடு ஒட்டவைத்துக்கொண்டு, வலது தோளாலும் கையாலும் டிஃபெண்டரை ஒதுக்கிவைத்தபடியே ஓடுவார். ஷாட் அடிக்கும்முன் காலைப் பெரிதாகப் பின்னால் வீசமாட்டார். அதனால் எந்த நொடியில் அடிப்பார் என்று கீப்பருக்குத் தெரியாது. இதெல்லாம் சேர்ந்து வேலை செய்ய ஒன்று கட்டாயம்: முதல் இரண்டு மூன்று அடிகளில் வெடிக்கும் வேகம். இத்தாலிய ஸ்ட்ரைக்கர் பிலிப்போ இன்சாகி மாதிரி ஒருவர் 35 வயதிலும் கோல் அடித்தார் என்றால், அவர் பிழைப்பு நேரம் பார்த்து நகர்வதில் இருந்தது. அட்ரியானோவின் பிழைப்பு உடம்பில் இருந்தது. மூன்று கிலோ ஏறினாலும், நான்கு இரவு தூக்கம் கெட்டாலும், இன்சாகிக்குப் பாதி நஷ்டம், இவருக்கு முழு நஷ்டம்.

இன்டரில் முதலில் இடம் இல்லை. 2002 தொடக்கத்தில் ஃபியோரென்டினாவுக்குக் கடனாக அனுப்பினார்கள், 15 ஆட்டத்தில் 6 கோல். அந்த கிளப் அந்த வருடமே தரமிறங்கித் திவாலானது. அடுத்து பார்மா. அப்போது இத்தாலியில் 'இணை உரிமை' என்றொரு முறை இருந்தது. ஒரு ஆட்டக்காரரின் உரிமையை இரண்டு கிளப்கள் பாதிப் பாதியாக வைத்துக்கொள்ளலாம். அப்படித்தான் இன்டரும் பார்மாவும் இவரைப் பங்கிட்டன. பயிற்சியாளர் சேசரே பிராந்தெல்லி, பக்கத்தில் ருமேனியாவின் அட்ரியான் முட்டு. முதல் சீசனில் முட்டு 18 லீக் கோல், இவர் 15. அடுத்த சீசன் தொடக்கத்தில் 9 ஆட்டத்தில் 8. மொத்தம் பார்மாவுக்காக 37 லீக் ஆட்டங்களில் 23 கோல். சின்ன ஊர், அமைதியான கிளப், நம்பிக்கை வைத்த ஒரு பயிற்சியாளர். இத்தாலியில் அவர் ஆட்டம் தடுமாறாமல் போன காலம் என்று நான் நினைப்பது பார்மாவைத்தான். அவரைப் பற்றிய கட்டுரைகளில் அதற்கு ஒரு வரிக்கு மேல் கிடைப்பதில்லை.

2003 டிசம்பரில் பார்மாவின் உரிமையாளரான பார்மலாத் பால் நிறுவனம் மாபெரும் கணக்கு மோசடியில் கவிழ்ந்தது. கிளப்புக்குப் பணம் வேண்டியிருந்தது. 2004 ஜனவரியில் அட்ரியானோ மீண்டும் இன்டரில்.

இனிமேல் தேதிகளைக் கவனியுங்கள், உங்கள் இரண்டாவது கேள்வி இதில்தான் இருக்கிறது.

2004 ஜூலையில் பெருவில் கோபா அமெரிக்கா, தென் அமெரிக்க நாடுகளின் கோப்பை. ரொனால்டோ, ரொனால்டினோ, காகா மூவரும் இல்லாமல்தான் பிரேசில் போனது. கோஸ்டா ரிக்காவுக்கு எதிராக 3 கோல், மெக்சிகோவுக்கு எதிராக 2, அரையிறுதியில் உருகுவேக்கு எதிராகச் சமன் செய்த கோல். ஜூலை 25, லிமாவில் இறுதி ஆட்டம், எதிரில் அர்ஜென்டினா. 87ஆவது நிமிடத்தில் அர்ஜென்டினா 2-1 என்று முன்னேறிவிட்டது. அவர்களுடைய பெஞ்ச் கொண்டாடத் தொடங்கிவிட்டது. 93ஆவது நிமிடத்தில் பெட்டிக்குள் தூக்கிப்போட்ட பந்து, கூட்டத்தில் பட்டு எகிறுகிறது. கோலுக்கு முதுகைக் காட்டி நின்ற அட்ரியானோ அதைத் தன் பக்கம் எடுத்து, திரும்பி, இடது காலால் ஒரே அடி. 2-2. பெனால்டியில் பிரேசில் வென்றது. 7 கோலோடு அதிக கோல் அடித்தவரும் அவர்தான், தொடரின் சிறந்த ஆட்டக்காரரும் அவர்தான். வயது 22.

பத்து நாள்கூட ஆகியிருக்காது. ஆகஸ்ட் முதல் வாரத்தில் இன்டர் அணியோடு இருந்தபோது ரியோவிலிருந்து ஒரு தொலைபேசி அழைப்பு. அப்பா மாரடைப்பில் போய்விட்டார். அப்போது கேப்டனாக இருந்த ஹாவியர் சனெட்டி அந்தக் காட்சியைப் பின்னாளில் பலமுறை சொல்லியிருக்கிறார்: போனைத் தூக்கி எறிந்துவிட்டுக் கத்தத் தொடங்கினார், அப்படி ஒரு கத்தலை நான் கேட்டதே இல்லை என்று. அன்றிலிருந்து கிளப் உரிமையாளர் மாசிமோ மொராட்டியும் தானும் அவரைத் தம்பிபோலப் பார்த்துக்கொள்ளத் தீர்மானித்ததாகவும் சனெட்டி சொல்வார்.

அன்றோடு முடிந்தது என்றால், அடுத்த பத்து மாதத்தை என்ன சொல்வது?

2004 அக்டோபரில் உதினேசேக்கு எதிராகத் தன் பாதியிலிருந்தே பந்தை எடுத்துக்கொண்டு ஓடி, வழியில் வந்தவர்களைத் தள்ளிவிட்டுப் போட்ட கோல், அப்பா இறந்து இரண்டரை மாதம் கழித்து. 2005 மார்ச்சில், நடப்பு ஐரோப்பிய சாம்பியனான போர்ட்டோவை 3-1 என்று சான் சீரோவில் வீழ்த்தியபோது மூன்று கோலும் அவருடையது. அந்தச் சீசனில் இன்டருக்காக எல்லாப் போட்டிகளிலும் சேர்த்து 28 கோல், இத்தாலியில் அவருக்கு அதுவே உச்சம். 2005 ஜூனில் கோப்பா இத்தாலியா என்ற இத்தாலிய உள்நாட்டுக் கோப்பை இறுதியின் முதல் ஆட்டத்தில் ரோமா மைதானத்திலேயே இரண்டு கோல். ஏழு வருடமாக ஒரு கோப்பைகூட இல்லாமல் வாடிய இன்டருக்கு அந்தக் கோப்பை கிடைத்தது. அதே மாதம் ஜெர்மனியில் கான்ஃபெடரேஷன்ஸ் கோப்பை. அரையிறுதியில் ஜெர்மனிக்கு எதிராக 2, இறுதியில் அர்ஜென்டினாவை 4-1 என்று நொறுக்கியபோது 2, மொத்தம் 5. மறுபடியும் அதிக கோல், மறுபடியும் சிறந்த ஆட்டக்காரர்.

ஆக, அவருடைய வாழ்நாள் சிறந்த சீசன் அப்பா இறந்த பிறகு வந்தது. ஒவ்வொரு கோலுக்கும் வானத்தைப் பார்த்துக் கையை உயர்த்துவார். எல்லாரும் அதைப் பார்த்து, பையன் தேறிவிட்டான் என்று நினைத்தார்கள். கோல் வந்துகொண்டிருந்தது, அதனால் யாரும் கவலைப்படவில்லை. என்னை அவர் கதையில் மிகவும் வருத்தும் இடம் இதுதான். துக்கம் சிலரை உடனே சாய்க்கும். சிலரை வேலைக்குள் புதைந்துபோக வைக்கும், ஒரு வருடம் கழித்துக் கணக்குத் தீர்க்கும். நம் வீடுகளில், காரியம் முடியும்வரை அழாமல் எல்லா வேலையும் பார்த்த மூத்த பிள்ளை ஆறு மாதம் கழித்துப் படுத்துவிடுவதைப் பார்த்திருப்பீர்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வேர் அதற்கும் முன்னால் இருந்தது. இத்தாலிக்குப் போன ஆரம்ப காலத்தில் ஒரு கிறிஸ்துமஸ் இரவைப் பற்றி அவரே பின்னாளில் எழுதியிருக்கிறார். டச்சு ஆட்டக்காரர் கிளாரன்ஸ் சீடார்ஃப் வீட்டு விருந்துக்குப் போய்விட்டுச் சீக்கிரமே கிளம்பி, தன் வீட்டிலிருந்து அம்மாவுக்குப் போன் செய்கிறார். அந்தப் பக்கம் குடும்பம் மொத்தமும் கூடிச் சிரித்துப் பாடும் சத்தம். போனை வைத்துவிட்டு அழுது, தனியாகக் குடித்துத் தீர்த்த இரவு அது. அப்பா உயிரோடு இருந்த நாள்களிலேயே மிலான் குளிர் அவருக்கு ஒத்துவரவில்லை. அப்பாதான் அந்தத் தூரத்தைத் தாங்கவைத்த கயிறு. கயிறு அறுந்ததும் படகு உடனே மூழ்கவில்லை, மெதுவாக விலகிப் போனது.

2005-06 சீசனில் லீக்கில் 13 கோல். கணக்கில் குறையாகத் தெரியாது, ஆட்டத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரிந்தது. முதல் அடியின் வெடிப்பு போயிருந்தது. குடித்துவிட்டுப் பயிற்சிக்கு வந்ததையும், மருத்துவ அறையில் தூங்கவைத்துவிட்டுப் பத்திரிகையாளர்களிடம் தசைப்பிடிப்பு என்று கிளப் சொன்னதையும் அவரே பின்னால் ஒளிக்காமல் பேசினார். அந்த ஒரு ஏற்பாட்டைப் பற்றி எனக்குக் கடுமையான கருத்து உண்டு. அன்பினால்தான் செய்தார்கள், சந்தேகமில்லை. ஆனால் தசைப்பிடிப்பு என்று சொல்லிச் சொல்லி, மனநோய்க்கு வைத்தியம் பார்க்க வேண்டிய இரண்டு வருடம் கழிந்துபோனது.

2006 உலகக் கோப்பையில் ரொனால்டோ, ரொனால்டினோ, காகா, அட்ரியானோ நால்வரையும் 'மந்திர நால்வர்' என்று கொண்டாடினார்கள். ஆஸ்திரேலியாவுக்கும் கானாவுக்கும் எதிராக அட்ரியானோ தலா ஒரு கோல் போட்டார். காலிறுதியில் பிரான்ஸை எதிர்கொள்ளும்போது பயிற்சியாளர் பாரெய்ரா அவரை உட்காரவைத்துவிட்டு ஜூனின்யோவை ஆடவைத்தார், பிரேசில் 0-1 என்று தோற்றது. திரும்பி வந்தால் இன்டரில் கதையே மாறியிருந்தது. நடுவர் நியமனத்தில் தலையிட்ட இத்தாலிய ஊழலில் யுவென்டஸ் கிளப் தரமிறக்கப்பட்டதால் அங்கிருந்து ஸ்ட்ரைக்கர் இப்ராஹிமோவிச் வந்திருந்தார், இன்னொரு ஸ்ட்ரைக்கர் க்ரெஸ்போவும் வந்திருந்தார். முன்பு அட்ரியானோ மோசமாக ஆடினாலும் பயிற்சியாளர் மான்சினி ஆடவைக்க வேண்டியிருந்தது, இனி தேவையில்லை. அந்தச் சீசன் 5 லீக் கோல். ஒரு இத்தாலிய வானொலி நிகழ்ச்சி வருடத்தின் மிக மோசமான ஆட்டக்காரருக்குக் கேலியாகக் கொடுக்கும் 'தங்கக் குப்பைத்தொட்டி' விருது 2006, 2007, பிறகு 2010 என மூன்று முறை அவருக்குப் போனது. மனச்சோர்வில் இருந்த ஒருவரை நோக்கி ஒரு நாடே சிரித்தது என்று இப்போது படிக்கும்போது எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அவரை 'நிலையில்லாதவர்' என்று சொல்பவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: எப்போது, எங்கே என்று பார்த்தீர்களா? 2007 கடைசியில் இன்டர் அவரை பிரேசிலுக்கு அனுப்புகிறது. 2008 முதல் பாதியில் சாவ் பாவ்லோ கிளப்புக்காக 17 கோல். திரும்பவும் மிலானுக்கு, இப்போது புதுப் பயிற்சியாளர் மொரீன்யோவிடம். 2009 பிப்ரவரியில் ஏசி மிலானுக்கு எதிரான மிலான் டெர்பியில் கையில் பட்டு உள்ளே போன ஒரு கோல் தவிர நினைவில் நிற்க ஒன்றுமில்லை. ஏப்ரலில் தேசிய அணிக்காக பிரேசில் போனவர் திரும்பவே இல்லை. ஆளைக் காணோம் என்று பத்திரிகைகளில் என்னென்னவோ வதந்தி. அவர் விலா க்ருசேரோவில், பழைய நண்பர்களோடு செருப்புகூடப் போடாமல் உட்கார்ந்திருந்தார். ஆட்டத்தில் சந்தோஷம் போய்விட்டது என்று வெளிப்படையாகச் சொன்னார். இன்டர் ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டது. 74 கோல், 177 ஆட்டம், அதோடு சரி.

மே மாதம் ஃப்ளமெங்கோவில் சேர்ந்தார். அந்த வருட பிரேசில் லீக்கில் 19 கோல், தியேகோ தார்தெல்லியோடு சேர்ந்து முதலிடம். 37 வயது பெட்கோவிச் பின்னாலிருந்து பந்து கொடுக்க, ஃப்ளமெங்கோ 1992க்குப் பிறகு முதல் முறையாக லீக் சாம்பியன். ஆறு மாதத்துக்கு முன்பு 'முடிந்துபோன ஆள்' அவர்! எடை அப்போதும் கூடத்தான் இருந்தது, பயிற்சிக்கு அப்போதும் சில நாள் வரவில்லை. ஆனால் ஆட்டம் முடிந்தால் வீட்டுக்குப் போகலாம். பார்மா, சாவ் பாவ்லோ, ஃப்ளமெங்கோ என்று அவர் நன்றாக ஆடிய இடங்களை வரிசையாக வைத்துப் பாருங்கள், ஆள் நிலையில்லாதவராகத் தெரியமாட்டார்.

இதற்காக அவர் தவறே செய்யவில்லை என்று சொல்லவில்லை. 2010 உலகக் கோப்பைக்கு பிரேசில் பயிற்சியாளர் துங்கா அவரை விட்டுவிட்டு கிராஃபிச்சி என்ற ஸ்ட்ரைக்கரை எடுத்தபோது, அந்த முடிவில் எனக்குக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. அதே வருடம் மறுபடியும் ஐரோப்பா ஆசையில் ரோமாவுக்குப் போனார், ஒரு கோல்கூட இல்லாமல் 2011 மார்ச்சில் வெளியேறினார். அது போயிருக்கவே கூடாத பயணம். மைதானத்துக்குக் காசு கொடுத்து வந்தவர்களும், அவர் வராத நாளில் கூடுதலாக ஓடிய சக ஆட்டக்காரர்களும் ஏமாந்தார்கள் என்பதும் உண்மைதான்.

2011 ஏப்ரலில் பிரேசிலின் கொரிந்தியன்ஸ் கிளப்பில் குதிகால் தசைநாண் அறுந்தது, அதுதான் உடம்பளவில் உண்மையான முடிவு. வெடிப்பு வேகத்தில் வாழ்ந்த ஆட்டக்காரருக்கு அந்தத் தசைநாண் போனால் எல்லாம் போன மாதிரி. அவரும் தன் சரிவைப் பற்றிப் பேசும்போது இந்தக் காயத்தைச் சொல்லுவார், நாம் அதைக் கேட்பதில்லை. இருந்தும் நவம்பரில் அத்லேட்டிக்கோ மினேரோவுக்கு எதிராக மாற்று ஆளாக வந்து, கடைசி நிமிடங்களில் இடது காலால் வெற்றி கோல் போட்டார். 1-1 என்று இருந்தது 2-1 ஆனது, அதாவது 2 புள்ளி கூடுதல். அந்த வருடம் கொரிந்தியன்ஸ் வாஸ்கோவைவிட அதே 2 புள்ளி முன்னால் நின்று சாம்பியன் ஆனது. அதன்பின் ஃப்ளமெங்கோவுக்கு ஆடாமலே ஒரு திரும்புதல், அத்லேட்டிக்கோ பரனென்சேயில் சில வாரம், மியாமியில் ஒரு சின்ன கிளப். பிரேசிலுக்காக 48 ஆட்டம், 27 கோல்.

2024 டிசம்பரில் மரகானாவில் ஒரு பிரியாவிடை ஆட்டம் நடத்தினார்கள். பெரிய திரையில், செயற்கை நுண்ணறிவால் உருவாக்கிய அப்பாவின் உருவம் மகனோடு பேசியது. 42 வயது ஆள் நடு மைதானத்தில் நின்று அழுதார்.

எதிலிருந்து பார்க்கத் தொடங்கலாம் என்றும் கேட்டிருந்தீர்கள். கோல் தொகுப்புகள் வேண்டாம், அதில் ஷாட் மட்டும்தான் இருக்கும். 2005 மார்ச் போர்ட்டோ ஆட்டத்தை முழுசாகப் பாருங்கள். பந்து அவரிடம் இல்லாத நேரத்தில் போர்ட்டோ டிஃபெண்டர்கள் எங்கே நிற்கிறார்கள் என்று மட்டும் கவனியுங்கள். பிறகு 2009 ஃப்ளமெங்கோ ஆட்டங்களில் ஏதாவது ஒன்று. அதில் கோலுக்குப் பிறகு அவர் முகத்தைப் பாருங்கள்.